உவர்க்காற்றில் ஆறு வோல்ற்று: பழைய மோட்டார் சைக்கிளின் மின்னேற்றத்தைச் சோதித்தல்

பழைய மோட்டார் சைக்கிளின் பற்றரி மின்னேற மறுக்கிறது என்று தெரிந்தவுடன் டைனமோவைக் கழற்றிப் பார்ப்பது கராச்சுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். இலங்கையின் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் ஓடும் வண்டிகளைப் பொறுத்தவரை இவ்வழக்கம் காரியத்தைத் தலைகீழாகத் தொடங்குகிறது. ஏனெனில் மின்னைப் பிறப்பிக்கும் கருவி தடித்த செப்புக்கம்பியாலும் இரும்பாலும் செய்யப்பட்டு மூடியொன்றின் உள்ளே பாதுகாப்பாக அமர்ந்திருக்க, அது பிறப்பித்த மின் பற்றரியைச் சென்றடையும் வழியோ செருகிகள், முனைகள், ஆளிகள், சட்டகத்தில் முடுக்கப்பட்ட மரையாணிகள் என உவர்க்காற்று நேரே படும் பல இணைப்புகளின் ஊடாகச் செல்கிறது. ஆகவே மின்னேற்றத் தொகுதியைச் சோதிப்பவர் ஏதேனும் ஓர் உறுப்பை நல்லது அல்லது கெட்டது என்று முதலிலேயே தீர்த்துவிடாமல், மின் செல்லும் வழியில் அது எந்த இடத்தில் எவ்வளவு குறைகிறது என்பதை, வண்டி வேலை செய்துகொண்டிருக்கும்போதே, படிப்படியாக அளந்து செல்ல வேண்டியவராகிறார்.

கடற்கரைக்கு இணையாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இவ்வாவி பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு கலப்பதால் உவர்நீரைக் கொண்டது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்றிட்டாக நீளும் எழுவான்கரையில், கல்லடி தொடங்கிக் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு வரையுள்ள ஊர்களுக்கு உப்பு இருபுறமிருந்தும் வந்து சேர்கிறது. மேற்கே கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, மண்டூர் முதலிய ஊர்களைக் கொண்ட படுவான்கரையில் உப்பைவிட வெள்ளமே பெரிய பகை. 2011 சனவரி வெள்ளத்தில் அப்பகுதியின் வீதிகளும் வயல்களும் பரந்த அளவில் நீரில் மூழ்கின. மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, அங்கே மோட்டார் சைக்கிள்கள் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏற்றப்பட்டே கடந்து சென்றன என்பதையும் இங்கே சேர்த்து எண்ணலாம்.

உப்பு எவ்வாறு வேலை செய்கிறது என்பது பொதுவாக நினைக்கப்படுவதைக் காட்டிலும் நுணுக்கமானது. காற்றோடு வந்து உலோகத்தின் மேற் படியும் உப்புத் துகள், காற்றின் சாரீரப்பதன், அதாவது குறித்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் உண்மையாக உள்ள பங்கு, 75 வீதத்தைத் தாண்டும்போது தானாகவே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும் இயல்புடையது. கரையோரத்தில் இந்த எல்லை இரவு நேரங்களில் எளிதாகவே தாண்டப்படுவதால், மழை ஒரு துளி விழாத ஆடி மாதத்தில்கூட, முற்றத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட வண்டியின் இணைப்புகள் மீது மின்னைக் கடத்தும் மெல்லிய உப்புநீர்ப் படலமொன்று இரவில் உருவாகிப் பகலில் காய்கிறது. செப்பு முனை, இரும்புச் சட்டகம், அலுமினிய இயந்திர உறை ஆகிய வேறுபட்ட உலோகங்கள் இப்படலத்தின் கீழ் ஒன்றையொன்று தொடும்போது, அவற்றுள் எளிதில் இலத்திரன்களை இழக்கக்கூடியது அரிக்கப்பட்டு, தொடுகைப் பரப்பில் மின்னை அரைகுறையாகவே கடத்தும் படிவை விட்டுச் செல்கிறது.

இப்பகுதியில் இன்னும் ஓட்டப்படும் பழைய வண்டிகளை அவற்றின் மின்முறையைக் கொண்டு மூன்று வகையாகப் பிரிப்பது சோதனைக்குப் பயனுள்ளது. முதலாவது, 1950களைச் சேர்ந்த பீ.எஸ்.ஏ., ட்ரையம்ப், நோர்ட்டன் போன்ற பிரித்தானிய வண்டிகள். இவற்றிற் பல லூகாஸ் நிறுவனத்தின் 6 வோல்ற்று நேரோட்ட டைனமோவையும், அதனோடு சேர்ந்து வோல்ற்றளவை எல்லைக்குள் வைக்கும் ஒழுங்காக்கிப் பெட்டியையும் கொண்டவை. இரண்டாவது, சிறிய ஹொண்டாக்கள். 1958இல் யப்பானில் வெளிவந்த சூப்பர் கப், 2017ஆம் ஆண்டில் பத்துக் கோடி என்ற உற்பத்தி எண்ணிக்கையைத் தொட்டது; அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 50 சீசி வண்டிகளும், யப்பானிய அஞ்சற் சேவைக்கென உருவாக்கப்பட்டுப் பின்னர் வடக்கு கிழக்கில் பெரும்பேர் பெற்ற எம்.டி. 90 வண்டியும் இவ்வகையினவே. மூன்றாவது, மூன்று மஞ்சள் வயர்களோடு வரும் பிற்கால 12 வோல்ற்று யப்பானிய வண்டிகள். வண்டி எக்காலத்தது என்பதை ஊகிக்க இலக்கத் தகடே பெரும்பாலும் போதும்: 1950களின் பிற்பகுதியில் புகுத்தப்பட்டு, 1958இல் தமிழ்ப் பகுதிகளில் எதிர்ப்பியக்கத்துக்கு உள்ளான சிங்கள ‘சிறீ’ எழுத்து, அதற்குப் பின் பல பத்தாண்டுகளுக்கு நாட்டில் புதிதாகப் பதிவான வாகனங்களில் இடம்பெற்றிருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை மோட்டார் சைக்கிள்களுக்கு மீளத் திறக்கப்படாமையால், காட்சிக்கு வைக்க வேண்டிய வயதை எட்டிய பல வண்டிகள் இன்னும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருக்கின்றன.

மூன்று வகைக்கும் அடிப்படை ஒன்றே. கம்பிச்சுருளின் ஊடாகச் செல்லும் காந்தப்புலம் மாறும்போதெல்லாம் அச்சுருளில் மின்னியக்க விசை தூண்டப்படுகிறது என்பதை மைக்கேல் பரடே 1831இல் நிறுவினார். மாற்றம் எவ்வளவு விரைவானதோ அவ்வளவுக்குத் தூண்டப்படும் வோல்ற்றளவும் கூடுகிறது. இயந்திரம் வேகமெடுக்கும்போது விளக்கு பிரகாசிப்பதும், சந்தியில் நிறுத்தியதும் மங்குவதும் இவ்விதியின் நேரடி விளைவுகள். சிறிய ஹொண்டாக்களில் நிலைக்காந்தங்கள் பதிக்கப்பட்ட பறப்புச்சக்கரம் சுழல, அதன் உள்ளே அசையாமல் இருக்கும் சுருள்களில், திசை மாறி மாறிப் பாயும் ஆடலோட்டம் பிறக்கிறது. பற்றரிக்கோ ஒரே திசையில் பாயும் நேரோட்டமே வேண்டும். ஆகவே மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் இருவாயி ஒன்று சீராக்கியாக இடையில் வைக்கப்பட்டு, ஆடலோட்டத்தின் ஒரு பாதி பற்றரிக்குள் செலுத்தப்பட, மறுபாதி கைவிடப்படுகிறது. இதனை அரையலைச் சீராக்கம் என்பர். மூன்று மஞ்சள் வயர் வண்டிகளில் ஆறு இருவாயிகள் சேர்ந்து முழு அலையையும் பயன்படுத்துகின்றன.

லூகாஸ் டைனமோவின் கதை வேறு. அதில் நிலைக்காந்தம் இல்லை. புலச்சுருள் எனப்படும் கம்பிச்சுருளில் பாயும் மின்னே காந்தத்தை உண்டாக்குகிறது, அம்மின்னோ டைனமோவிலிருந்தே வருகிறது. முதலில் எது வந்தது என்ற கேள்விக்கு விடை, இரும்புத் துருவத்தில் எஞ்சி நிற்கும் மிகச் சிறிய காந்தத்தன்மையில் உள்ளது: அது சில பத்தில் ஒரு பங்கு வோல்ற்றைத் தூண்ட, அவ்வோல்ற்று புலச்சுருளில் சிறிது மின்னை ஓட்ட, அதனால் காந்தம் சற்று வலுப்பட, வோல்ற்றளவு மேலும் ஏற, இவ்வாறு டைனமோ தன்னைத்தானே எழுப்பிக்கொள்கிறது. 1860களின் நடுப்பகுதியில் சீமென்ஸ், வீற்ஸ்டன், வார்லி ஆகியோர் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தடைந்த இக்கருத்து, பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த வண்டியின் டைனமோ கெடாமலேயே செத்துவிட்டது போலத் தோன்றுவதற்குரிய காரணத்தையும் விளக்குகிறது. எஞ்சு காந்தம் அழிந்துபோனால் தொடக்கமே இல்லை.

சோதனை பற்றரியிலிருந்தே தொடங்க வேண்டும். இத்தொகுதியில் முதற் சாட்சியும் அதுவே, முதற் சந்தேகத்துக்கு உரியதும் அதுவே. ஏனெனில் மற்ற எல்லா அளவீடுகளும் பற்றரியின் முனைகளிலேயே எடுக்கப்படுவதால், பற்றரி கெட்டிருந்தால் ஒவ்வோர் அளவீடும் பொய் சொல்லும். கஸ்தோன் பிளாந்தே 1859இல் அமைத்த ஈயவமிலக் கலம் கொள்கையளவில் இன்றும் மாறவில்லை. ஈயத் தகடும் ஈயவீரொட்சைட்டுத் தகடும் ஐதான சல்பூரிக்கமிலத்தில் அமிழ்ந்திருக்க, ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 2.1 வோல்ற்றைத் தருகிறது. மூன்று கலம் சேர்ந்தது ‘ஆறு வோல்ற்று’, ஆறு கலம் சேர்ந்தது ‘பன்னிரண்டு வோல்ற்று’. சில மணி நேரம் ஓய்ந்திருந்த 6 வோல்ற்றுப் பற்றரி 6.3 வோல்ற்றுக்குக் குறையாமல் காட்டினால் அது நிறைந்தது, 6.1 அளவில் பாதி. 6 வோல்ற்றுக்குக் கீழே ஏறக்குறைய வெறுமை. பெயரளவில் ஆறு வோல்ற்றுடைய பற்றரி ஆறு வோல்ற்றைக் காட்டும்போது அது வெறுமையை அண்மித்துவிட்டது என்பது புதியவர்களைக் குழப்பும் செய்திதான். இன்னும் தெளிவான குறி 4.2 வோல்ற்று: மூன்று கலங்களுள் ஒன்று உள்ளே குறுக்குச்சுற்றாகி முழுதாக இறந்துவிட்டதென்பதை அந்த எண் தனியாகவே சொல்லிவிடும், அதன் பின் டைனமோவைப் பற்றிப் பேசுவதற்கு எதுவுமில்லை.

வோல்ற்றளவைவிட நம்பத்தக்கது அமிலத்தின் அடர்த்தி. மின்னிறக்கத்தின்போது அமிலம் தகடுகளோடு சேர்ந்து ஈயசல்பேற்றாக மாறுவதால், எஞ்சும் திரவம் நீருக்கு நெருங்கிய அடர்த்தியை அடைகிறது. நிறைந்த கலத்தில் இது நீரின் அடர்த்தியைப்போல் 1.26 முதல் 1.28 மடங்காகவும், வெறுமையான கலத்தில் 1.12 அளவாகவும் இருக்கும். வெப்ப நாடுகளில் பற்றரியின் ஆயுளைக் காக்கும் பொருட்டு நிறை அளவே 1.24 அல்லது 1.25 என வைக்கப்படுவதும் உண்டு. இதை அளக்கும் நீரமானி, அதாவது இறப்பர்க் குமிழால் அமிலத்தை உறிஞ்சி அதனுள் மிதக்கும் அளவுத்தண்டைக் கொண்டு அடர்த்தியைக் காட்டும் கண்ணாடிக் குழல், எளிய கருவியாயினும் ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே விசாரிக்க வல்லது. இரு கலங்கள் 1.25ஐக் காட்ட ஒன்று மட்டும் 1.15இல் நின்றால், மின்னேற்றம் ஒழுங்காகவே நடைபெறுகிறது, அந்தக் கலம்தான் ஏற்க மறுக்கிறது என்பது பொருள். நீண்ட நாள் வெறுமையாகக் கிடந்த பற்றரியில் ஈயசல்பேற்று கடினமான பளிங்குகளாக இறுகி மீளக் கரையாமற் போவதும், ஒவ்வொரு 10 பாகை வெப்ப உயர்வுக்கும் தன்மின்னிறக்கம் ஏறக்குறைய இரு மடங்காவதும், குளிர் நாட்டுக் கைநூல்கள் சொல்லும் கால அளவுகளை இங்கே நம்ப முடியாதவையாக்குகின்றன.

பற்றரிக்கு ஊற்றும் நீர் பற்றியும் சொல்லியாக வேண்டும். எழுவான்கரைக் கிணறுகளில் நன்னீர், மணலுக்குள் உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படையாகவே கிடைக்கிறது. நாவுக்கு உப்புக் கரிக்காத நீரிலும் குளோரைட்டு இருக்கக்கூடும். குளோரைட்டு நேர்த்தகட்டின் ஈயத்தை அரிக்கிறது, இரும்புச் சேர்மங்கள் தன்மின்னிறக்கத்தைத் தூண்டுகின்றன. வடித்த நீரைத் தவிர வேறெதையும் பற்றரிக்குள் விடலாகாது என்ற பழைய விதி இக்கரையில் சம்பிரதாயமன்று.

பற்றரி தேறியபின், அதன் முனைகளில் பன்மானியை, கராச்சுகளில் பொதுவாக மீற்றர் என்று அழைக்கப்படும் கருவியை, நேரோட்ட வோல்ற்று அளவில் வைத்து இயந்திரத்தை இயக்க வேண்டும். நடுத்தர வேகத்தில் 12 வோல்ற்று வண்டி 13.8க்கும் 14.4க்கும் இடையிலும், 6 வோல்ற்று வண்டி 6.9க்கும் 7.2க்கும் இடையிலும் காட்டினால் மின் உள்ளே சென்றுகொண்டிருக்கிறது எனலாம். எண் சற்றும் ஏறவில்லையெனில் மின்னேற்றமே இல்லை. 15ஐ, அல்லது 7.5ஐத் தாண்டிச் சென்றால் ஒழுங்காக்கம் இல்லை, அல்லது பற்றரி ஏற்கும் ஆற்றலை இழந்துவிட்டது. ஒவ்வொரு கலத்திலும் வோல்ற்றளவு 2.4ஐத் தாண்டும்போது நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியத் தொடங்குவதால், அமிலம் கொதிப்பதுபோற் குமிழியிடும். அவ்வேளையில் பற்றரியருகே சுருட்டு பற்றவைப்பது வெடிப்பை வரவழைப்பதாகும். வெப்பநிலை இங்கும் குறுக்கிடுகிறது. கலமொன்றுக்கு ஒரு பாகைக்கு 3 முதல் 4 மில்லிவோல்ற்று வரை மின்னேற்ற வோல்ற்றளவைக் குறைக்க வேண்டும் என்ற கணக்கின்படி, 20 பாகைக்கு 14.4 என்று வரையறுக்கப்பட்ட அளவு மட்டக்களப்பின் 33 பாகைப் பிற்பகலில் 14.1 அளவுக்கு இறங்கிவிடுகிறது. பழைய லூகாஸ் ஒழுங்காக்கிகளில் இருவுலோகத் தகடொன்று இத்திருத்தத்தைத் தானாகவே செய்யும்படி அமைக்கப்பட்டிருந்தது. புதிதாக வாங்கிப் பொருத்தப்படும் மலிவான மின்னணுப் பெட்டிகள் அனைத்திலும் அந்த அக்கறை எதிர்பார்க்கத்தக்கதன்று.

சிறிய 6 வோல்ற்று ஹொண்டாக்களிற் பலவற்றில் ஒழுங்காக்கி என்று தனியே எதுவுமில்லை. சுருளின் அளவு, விளக்குகளின் உவாற்று, பற்றரியின் கொள்ளளவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சமன் செய்யும்படி வடிவமைப்பாளர் கணித்திருக்க, பற்றரியே உபரி மின்னை விழுங்கும் ஒழுங்காக்கியாகவும் நின்றது. முன்விளக்கு சுருளிலிருந்து நேரடியாக ஆடலோட்டத்தைப் பெறும் வண்டிகளில், முன் மின்குமிழ் எரிந்துபோனதும் அது உண்ட மின்னும் சேர்ந்து பின் விளக்கின் மேல் விழுவதால், சில நிமிடங்களுக்குள் அதுவும் எரிந்துபோகும். சேமிப்பு நோக்கில் பழைய குமிழ்களுக்குப் பதிலாகக் குறைந்த உவாற்று எல்.ஈ.டி. விளக்குகளை மாட்டுவோர், அறியாமலே இச்சமநிலையைக் குலைக்கின்றனர். இரவில் ஆளியைப் போட்டதும் கூடுதல் சுருளொன்று இணைக்கப்படும் வண்டிகளில், விளக்கு உண்ணாத அம்மின் முழுவதும் பற்றரிக்குள் சென்று அதன் நீரை வற்றச் செய்கிறது. மின்னைச் சேமிக்கப் போய்ப் பற்றரியை இழப்பது தவிர்க்கக்கூடிய நட்டம். சிறிய ஒழுங்காக்கி ஒன்றைச் சேர்த்தபின் எல்.ஈ.டி. மாட்டினால் எந்தக் குற்றமுமில்லை.

வோல்ற்றளவு ஏறவில்லை என்றால் அடுத்த கேள்வி, மின் பிறக்கவில்லையா, அல்லது வந்து சேரவில்லையா என்பது. லூகாஸ் டைனமோவுக்குரிய பழைய சோதனை அழகானது. ஒழுங்காக்கிக்குச் செல்லும் இரு வயர்களையும் டைனமோவின் D (வெளியீடு), F (புலச்சுருள்) முனைகளிலிருந்து விடுவித்து, அவ்விரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்து, அவ்விணைப்புக்கும் உறைக்கும் இடையே வோல்ற்றுமானியை வைத்து இயந்திரத்தின் வேகத்தை மெல்லக் கூட்டினால், நல்ல டைனமோவில் வோல்ற்றளவு தடையின்றி விரைந்து எழும். அதை 10 வோல்ற்றைத் தாண்ட விடலாகாது. அரை வோல்ற்று அளவில் எண் நின்றுவிட்டால், எஞ்சு காந்தம் மட்டுமே வேலை செய்கிறது, புலச்சுருளில் பிழை. ஒன்றரை முதல் இரண்டு வோல்ற்று வரை ஏறி நின்றால் சந்தேகம் சுழலும் ஆமேச்சரின் மேல் விழுகிறது. எதுவுமே இல்லையெனில் காபன் பிரஷ்கள் தேய்ந்தோ சிக்கியோ கிடக்கலாம். எஞ்சு காந்தம் அழிந்த டைனமோவின் F முனையைப் பற்றரியின் உயிருள்ள முனையோடு ஒரு கணம் தொட்டெடுத்தால் அது மீள எழும். ஆனால் 1950, 60களின் பிரித்தானிய வண்டிகளிற் பெரும்பாலானவை பற்றரியின் நேர்முனையைச் சட்டகத்தோடு இணைத்தவை. எதிர்முனையையே ஏர்த் கொடுத்துப் பழகிய கை, இவற்றில் பற்றரியை மாற்றிப் பூட்டிவிட்டால், புதிதாகச் சேர்த்த இருவாயி எதுவும் தப்பாது.

ஆடலோட்ட வண்டிகளில் மூன்று மஞ்சள் வயர்களையும் செருகியிலிருந்து பிரித்து, ஒவ்வொரு சோடிக்கும் இடையே ஆடலோட்ட வோல்ற்றை அளந்தால், மூன்று எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதும் வேகத்தோடு சேர்ந்து கூடுவதும் நல்லறிகுறி. ஒரு சோடி மட்டும் தாழ்ந்திருப்பது சுருள் எரிந்ததன் அடையாளம். எந்த மஞ்சள் வயருக்கும் உறைக்கும் இடையே மின்தொடர்பு இருக்கலாகாது. இங்கே தடையை அளப்பது குறைந்த உதவியையே தரும், ஏனெனில் நல்ல சுருளின் தடையே ஓர் ஓமுக்குக் கீழாக இருப்பதுண்டு, மலிவான மீற்றரின் வயர்களே அந்த அளவில் பாதியைக் காட்டிவிடும். பறப்புச்சக்கரத்தைச் சம்மட்டியால் தட்டிக் கழற்றும் பழக்கம் தனியே கண்டிக்கத்தக்கது. பழைய காந்த உலோகங்கள் அதிர்ச்சியால் தம் வலிமையில் ஒரு பகுதியை இழந்துவிடுகின்றன, அப்படி இழந்த வண்டிக்கு எல்லாச் சோதனையிலும் தேறிய சுருள்களிருந்தும் மின் குறைவாகவே கிடைக்கும்.

பழைய வண்டிகளின் செலனியச் சீராக்கிகள் மற்றொரு வகையில் ஏமாற்றும். வெப்பத்தாலும் ஈரத்தாலும் முதுமையடைந்த செலனியத் தகடு, முன்திசையில் மின்னைத் தடுக்கவும் பின்திசையில் ஒழுகவிடவும் தொடங்குவதால், பகலில் அரைகுறையாக ஏறிய மின் இரவில் சுருளின் வழியே வடிந்துவிடும். வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, பற்றரியின் ஒரு முனையைக் கழற்றி இடையில் மீற்றரை மில்லியம்பியர் அளவில் வைத்தால் இவ்வொழுக்கு வெளிப்படும்; எளிய பழைய வண்டியொன்றில் இந்த எண் பூச்சியமாகவே இருக்க வேண்டும். சிலிக்கன் இருவாயியை மாற்றிப் போடுவது நிரந்தரமான பரிகாரம், ஆயினும் அது தன்னுள் இழக்கும் வோல்ற்று குறைவாதலால் மின்னேற்றம் முன்னிலும் கூடும் என்பதை எதிர்பார்த்துப் பற்றரியின் நீரைக் கவனிக்க வேண்டும்.

இனி, இவ்வாவிக் கரைக்கு எல்லாவற்றிலும் முதன்மையான சோதனை. அது மின் செல்லும் வழியில் ஏற்படும் வோல்ற்று இறக்கத்தை அளப்பது. வயரொன்று நல்லதா என்று பார்க்கத் தடையளக்கும் மீற்றரை வைப்பவர், மீற்றர் தன்னுள்ளிருந்து அனுப்பும் மிகச் சிறிய மின்னோட்டத்துக்கு வழி இருக்கிறதா என்பதையே அறிகிறார். இருபது இழைகளில் பத்தொன்பது அரித்துப்போய் ஒன்று மட்டும் எஞ்சிய வயரும் அச்சோதனையில் தேறிவிடும், நான்கு அம்பியர் பாயும்போதுதான் அதன் உண்மை வெளிவரும். ஆகவே இயந்திரம் ஓடி, விளக்கும் எரியும் நிலையில், மீற்றரின் ஒரு நுனியைச் சீராக்கியின் வெளிமுனையிலும் மறு நுனியைப் பற்றரியின் அதே வழியில் உள்ள முனையிலும் வைக்க வேண்டும். இடையில் உள்ள வயரும் இணைப்புகளும் விழுங்கும் வோல்ற்று அப்படியே திரையில் தெரியும். அது 0.2 அல்லது 0.3க்கு மேற்பட்டால் நுனியை இணைப்பு இணைப்பாக நகர்த்த, எண் திடீரெனக் குதிக்கும் இடமே பழுதின் இடம். அடுத்ததாகப் பற்றரியின் ஏர்த் முனைக்கும் இயந்திர உறைக்கும் இடையே அளக்க வேண்டும், அங்கே 0.1 வோல்ற்றுக்கு மேற்பட்ட எதுவும் சந்தேகத்துக்குரியது. அழகாகப் புதுப்பிக்கப்பட்ட வண்டிகளே இங்கு அதிகம் தோற்பது வேடிக்கையானது, காரணம் சட்டகத்துக்கு அடித்த தடித்த நிறப்பூச்சு ஏர்த் மரையாணியின் கீழ் மின்னைத் தடுத்துவிடுகிறது.

ஆறு வோல்ற்று வண்டி இவ்விழப்பினால் ஏன் கூடுதலாகத் துன்புறுகிறது என்பதைக் கணக்கே காட்டும். 25 உவாற்று விளக்கொன்று 12 வோல்ற்றில் ஏறக்குறைய 2.1 அம்பியரையும் 6 வோல்ற்றில் 4.2 அம்பியரையும் எடுக்கிறது. அரித்த இணைப்பொன்றின் தடை 0.1 ஓம் எனக் கொண்டால், முதலாவதில் இழப்பு 0.21 வோல்ற்று, இரண்டாவதில் 0.42, மொத்தத்தோடு ஒப்பிட முன்னது இரண்டு வீதத்துக்கும் குறைவு, பின்னது ஏழு வீதம். வோல்ற்றளவு பாதியாகும்போது அதே துருவினால் வரும் இழப்பின் வீதம் நான்கு மடங்காகிறது. இழைக் குமிழின் ஒளி வோல்ற்றளவின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறுவதால், 6 வோல்ற்றில் அரை வோல்ற்றை இழந்த விளக்கு தன் ஒளியில் நாலில் ஒரு பங்கை இழந்து நிற்கும். ‘ஆறு வோல்ற்று வண்டிக்கு வெளிச்சமே வராது’ என்ற பரவலான முறைப்பாட்டில், வண்டி பிறந்தபோது இல்லாத இந்த இழப்புக்கும் பங்குண்டு.

பரிகாரம் செலவற்றது: இணைப்பைக் கழற்றி, உலோகம் மின்னும்வரை தேய்த்து, பச்சை படிந்த வயரை நல்ல செப்பு தெரியும் இடம்வரை வெட்டி, புதிய முனையை அழுத்திப் பூட்டி, மேலே வாசலின் பூசிவிடுதல். வாசலினை முதலிலேயே பூசிவிட்டுப் பின் முடுக்குவோரும் உண்டு. முடுக்கத்தின் அழுத்தத்தில் அது தொடுகைப் பரப்பிலிருந்து பிதுங்கி வெளியேறிவிடுவதால் அதிற் கெடுதி இல்லை. இயந்திரத்திலிருந்து பற்றரிக்குச் சட்டகத்தை நம்பாமல் நேரே ஓர் ஏர்த் வயர் இழுத்துவிடுவது, படகுகளின் மின்வேலையில் வழங்கும் ஈயம் பூசிய செப்பு வயராகவே அதை இழுப்பது, இரண்டும் இக்கரைக்கு ஏற்றவை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் இவ்வேலையை நீர் வற்றும்வரை தள்ளிப்போடலாகாது. செருகிகளை உடனே நன்னீரால் கழுவி, காற்றூதி உலர்த்தியபின்பே சாவியைத் திருப்ப வேண்டும்; ஈரமான செருகியில் பற்றரியின் மின் பாயும்போது நேர்முனைப் பக்கத்துச் செப்பு மின்பகுப்பால் கரைந்துபோகும் வேகம், வெறும் துருவின் வேகத்தைப் பன்மடங்கு விஞ்சியது.

பற்றரியே இல்லாமலும் ஓடக்கூடிய வண்டிகள் வடக்கு கிழக்கில் ஏன் இத்தனை மதிப்பைப் பெற்றன என்பதற்கு ஒரு வரலாற்றுப் பின்னணியும் உண்டு. போரின்போது 1990இல் வடக்கின் மீது அரசு விதித்த பொருளாதாரத் தடையின் கீழ்ப் பற்றரிகளும் எரிபொருளும் தடைப்பட்ட பொருள்களாயின. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி மிதிகளைச் சுற்றி, அதன் சிறு டைனமோவின் மின்னால் வானொலி கேட்டதும், துளி பெற்றோல் காட்டித் தொடக்கி மண்ணெண்ணெயில் இயந்திரங்களை ஓட்டியதும் அக்காலத்தவை. பறப்புச்சக்கர மக்னீற்றோவிலிருந்தே, அதாவது அச்சக்கரத்தின் காந்தமும் சுருளும் சேர்ந்த அமைப்பிலிருந்தே, தீப்பொறிக்கு மின் எடுக்கும் சிறிய ஹொண்டா அத்தகைய காலத்துக்குப் பொருத்தமான வண்டி. ஆயினும் அப்படி ஓட்டிப் பழகிய பழக்கம் ஒரு தீங்கையும் விட்டுச் சென்றது. ஒழுங்காக்கியற்ற வண்டியில் பற்றரியைக் கழற்றினால் உபரி மின்னை ஏற்க ஆளில்லாமற் போவதால் சமிக்ஞைக் குமிழ்கள் எரிந்துபோகின்றன. பிற்கால 12 வோல்ற்று வண்டியில் அவ்வாறு செய்தால் சீராக்கியும் மின்னணுத் தீமூட்டல் பெட்டியும் கெடக்கூடும். சோதனையின் நடுவே இயந்திரம் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றி, ‘நிற்காமல் ஓடுகிறது, டைனமோ நல்லது’ என்று முடிவு கட்டும் பழைய வித்தை, மக்னீற்றோ வண்டியில் எதையும் நிரூபிக்காது, இருவாயி வண்டியிலோ நல்லதைக் கெட்டதாக்கும்.

எல்லாம் சரிசெய்யப்பட்டு, மீற்றரும் உரிய எண்ணைக் காட்டிய பின்னரும், ஒரு நிமிட அளவீட்டுக்குள் அடங்காத செய்தியொன்று எஞ்சியிருக்கும். ஊருக்குள் குறைந்த வேகத்தில் நின்று நின்று ஓடும் வண்டி, பிரேக் விளக்கிலும் ஹோனிலும் செலவிட்டதைத் திரும்பப் பெறுவதில்லை. கல்முனை வீதியில் நாள்தோறும் நீண்ட தூரம் ஓடும் அதே வகை வண்டியோ தேவைக்கு மேல் பெறுகிறது. இதை அறியச் சில வாரங்களுக்குப் பின் பற்றரியின் மூடிகளைத் திறந்து பார்க்க வேண்டும். மூன்று கலங்களிலும் நீர் ஒரே அளவாக வற்றியிருந்தால் மின்னேற்றம் மிகுதி. அடர்த்தி மூன்றிலும் ஒருங்கே தாழ்ந்திருந்தால் மின்னேற்றம் போதாது. ஒரு கலத்தில் மட்டும் நீர் குறைந்திருந்தால் முதலில் அக்கலத்தின் உறையில் வெடிப்பிருக்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் புதுப் பற்றரிக்குச் சொல்லி வைப்பதே முறை.